சிகாமணி அண்ணன் கையில் ஸ்பேனரைக் கொடுத்த கதை

வீட்டுக்கே போய் சைக்கிள் பழுது பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "பேரிங் மாத்துறதப் பத்திச் சொல்லுங்கக்கா" என்றார்கள். அதில் சொல்ல என்ன இருக்கிறது? தேய்ந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பால்ரஸ் என்று நாம் சொல்லும் இரும்புக் குண்டுகளை கிரீஸில் எப்படிப் பதிக்க வேண்டும், கோனை எப்படி முடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்த வீடியோக்களில் ஒன்றில்கூட வீட்டுக்காரர் இல்லை, கவனித்தீர்களா? சுத்தமான மேசை, நல்ல வெளிச்சம், பக்கத்தில் ஆளே கிடையாது. நம் ஊரில் அப்படி ஒரு வீடு எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

நான் வேலை பார்த்ததெல்லாம் வீட்டு முற்றங்களில்தான். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண் மெக்கானிக்கை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். என்னை அடுக்களை வரைக்கும் விட்டார்கள். எனக்குத் தொழில் பெருகியதற்குக் கைத்திறமை ஒரு காரணம் என்றால், இது இன்னொரு பெரிய காரணம். கொட்டாரத்தில் இருக்கும் என்னை மார்த்தாண்டத்திலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். நட்டின் திருகு மரைகள் கண்ணுக்கு இரட்டையாகத் தெரியத் தொடங்கியதும் பையை இறக்கி வைத்துவிட்டேன். இப்போது என் வட்டாரம் உங்கள் கைக்கு வருகிறது. அதனால் முற்றத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. கோன் ஸ்பேனரை வீட்டுக்காரர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குண்டுகளை அடக்கி வைப்பது கோன். அது தளர்ந்தால் சக்கரம் ஆடும். இறுகினால் சக்கரம் சுற்ற மறுக்கும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடம் ஒன்று உண்டு, நம் சோறு அங்கேதான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரைக்கும், ஆண்பிள்ளைகளுக்கு எதையும் இன்னும் ஒரு திருகு முடுக்காமல் கை அடங்காது. தண்ணீர்க் குழாயை அவர்கள் மூடிவிட்டுப் போனால் திறக்க இரண்டு பேர் வேண்டும்.

மார்த்தாண்டத்தில் ஒரு வங்கி அதிகாரி வீடு. வேலையை முடித்துவிட்டு அவர் மாமியார் கொடுத்த காப்பியைக் குடிக்க அடுக்களைப் பக்கம் போனேன். ஸ்பேனரைச் சக்கரத்துப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் அவரிடமிருந்து போன். "பேரிங் டூப்ளிகேட்டா அக்கா? மிதிக்கவே முடியல்லியே." போய்ப் பார்த்தால் கோன் கழுத்தை நெரித்து வைத்த மாதிரி இருக்கிறது. யார் வேலை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் மாமியார் நிற்கிறார். "புது கிரீஸு சார், பனியில இறுகியிருக்கும்" என்று சொல்லித் தளர்த்திக் கொடுத்துவிட்டு வந்தேன். நம் ஊரில் ஏது பனி? அந்த மனிதர் அதற்குப் பிறகு அலுவலகத்தில் உள்ளவர்களின் சைக்கிளை எல்லாம் என்னிடமே அனுப்பினார்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் அதிகம் பேச மாட்டார். கோன் வேலை முடிந்த நொடியில் ஸ்பேனரை இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்து மடிப்பில் செருகிவிடுவார், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் நானும் இடுப்பில் செருகிப் பழகினேன். மார்த்தாண்டத்துக்குப் பிறகு மறக்கவே இல்லை. ஒரே ஒரு தடவை மட்டும் நானாக எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். நான் பேச வந்தது அந்தக் கதையைத்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊரைச் சொல்லப்போவதில்லை.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் சிகாமணி அண்ணன் கூப்பிட்டார். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து, அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் வேலையை விட்டு முழுசாக ஊருக்கு வந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். வயதை இருவருமே அடுத்தவர் தலையில் வைத்துவிடுவோம்.

"பாக்கியக்கா, நாளைக்குக் காலையில வருவியளா? லில்லிக்க சைக்கிளுக்கு பேரிங் பூரா மாத்தணும். அவ கிரவுண்டுல பொங்கலிடப் போயிருப்பா. வாறதுக்குள்ள முடிச்சிரணும். சர்ப்ரைஸ்."

லில்லி அவர் மனைவி, அங்கன்வாடி டீச்சர். அந்த ஊரில் பொங்கலன்று காலையில் எல்லா வீட்டுப் பெண்களும் மைதானத்தில் சேர்ந்து பொங்கலிடுவார்கள். இந்து, கிறிஸ்தவர், அய்யாவழி என்று அடுப்புகள் வரிசையாகப் புகையும். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அதே மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. அதில் பெண்களுக்கான மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டிக்குத்தான் கூட்டம் அதிகம். கடைசியாக வருபவர்தான் ஜெயிப்பார். கால் ஊன்றினால் அவுட். ஓரத்துச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால் அவுட். பிரேக் பிடித்தாலும் அவுட். வருஷா வருஷம் லில்லிதான் ஜெயிப்பாள். பரிசு எப்போதும் பிளாஸ்டிக் குடம் என்பதால் அவள் வீட்டுக் கிணற்றடியில் எல்லா நிறத்திலும் குடம் இருக்கும்.

பொங்கலன்று காலையில் போனேன். சைக்கிளைத் திண்டில் சாய்த்து வைத்துக்கொண்டு அண்ணன் காத்திருந்தார். புது பேரிங் சாமானெல்லாம் நாகர்கோவிலிலிருந்து வாங்கி வந்து பேப்பரில் பரப்பி வைத்திருந்தார்.

"வருசா வருசம் போட்டிய எனக்கு வீடியோ காலுல காட்டுவாவ அக்கா. படம் கெடந்து ஆடும், லில்லியா மரமான்னே தெரியாது. ஆனா சைக்கிளு கரகரன்னு கரையது மட்டும் நல்லா கேக்கும். கூட ரூம்ல இருக்கவன் கேப்பான், 'அண்ணே, அங்க யாரு அம்மி அரைக்கா'ன்னு. நான் வெளிநாட்டுல இருந்து சம்பாதிக்கேன், எனக்க பெஞ்சாதி இதுல போறா. எனக்கு எப்படி இருக்கும்?"

இந்த வருஷம்தான் அவர் முதல் தடவையாக நேரில் பார்க்கப்போகிறார். அதற்குள் அந்தக் கரகரப்பு போய்விட வேண்டும்.

கழற்றினேன். முன் சக்கரம், பின் சக்கரம், ஹேண்டிலின் கழுத்து, மூன்று இடத்திலும் ஒரே கதைதான். கிரீஸ் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. குண்டுகள் பழைய மிளகு மாதிரி பொடிந்து கிடந்தன. கோன்களில் குழி குழியாக அரித்திருந்தது. இத்தனை மோசமான பேரிங்கை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி தினமும் வேலைக்குப் போய் வந்தாள் என்று வாய்விட்டுக் கேட்டேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய குண்டுகளையும் கோன்களையும் அப்படியே அள்ளிக்கொண்டு போய் வீட்டுப் பின்னால் இருந்த தாமரைக் குளத்தில் வீசினார். "இனிமே இந்தச் சனியன் நமக்கு வேண்டாம்" என்றார்.

என் கையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு வேலை அற்புதமாக அமைந்துவிட்டது. சக்கரத்தைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தம் என்ற பேச்சே இல்லை. அண்ணன் பக்கத்து வீட்டு ஆட்களை எல்லாம் கூப்பிட்டுத் தட்டித் தட்டிக் காட்டினார். "ஆரல்வாய்மொழி கரண்டுக் காத்தாடி தோத்துப் போவும், பாத்தியளா?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அப்போது லில்லி பொங்கல் தூக்குவாளியோடு வந்தாள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓட்டிப் பாரு" என்றார். அவள் ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்து லேசாக ஒரு தள்ளுத் தள்ளினாள். சைக்கிள் அவள் கையை விட்டு முற்றத்தைக் கடந்து வாழை மரம் வரைக்கும் தானாகப் போய்ச் சாய்ந்தது.

"நல்லாயிருக்கு" என்றாள் லில்லி. பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, கையெல்லாம் கிரீஸு. கிணத்தடிக்கு வாங்க, சோப்புத் தாறேன்" என்றாள். கிணற்றடிக்கு வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னையக் கொன்னு போட்டியளே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அந்தக் கரகரப்புதான் அக்கா எனக்க பிரேக்கு. மிதிச்சாத்தான் நகரும், மிதிய விட்டா அங்கயே நிக்கும். அதுக்குன்னு எண்ண போடாம, மழையில நிறுத்தி, எத்தன வருசமா பாடுபட்டு வளத்து வச்சிருந்தேன்! இப்பம் இது தொட்டாலே ஓடுதே. இன்னும் கொஞ்ச நேரத்துல போட்டி."

பேரிங்கை வளர்த்த ஒரு பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "சரி, அண்ணன்ட்ட உள்ளதச் சொல்லிருவோம். ஒரு திருகு முடுக்கினா தீர்ந்துது" என்றேன்.

"அய்யோ, வேண்டாம் கேட்டியளா. வந்ததுல இருந்து அவிய கையில எடுத்தது எதுவுமே வெளங்கல்ல. மிக்ஸிய நன்னாக்குனாவ, புகஞ்சி போச்சு. முருங்கைக் கொப்பக் கழிச்சாவ, பட்டுப் போச்சு. நேத்து எங்கிட்ட கேக்காவ, 'லில்லி, நான் இல்லாம இந்த வீடு நல்லாத்தான ஓடிச்சு'ன்னு. விசாவுக்கு மறுபடியும் ஆளுகிட்ட பேசிட்டு இருக்காவ. இதுவும் கேடுன்னு தெரிஞ்சா பிளேனு ஏறிருவாவ அக்கா." அவள் குரல் உடைந்துவிட்டது. "எனக்குக் குடம் வேண்டாம். அவிய கண்ணு முன்னால ஒரு தடவ ஜெயிக்கணும். அவிய செஞ்சதாலதான் ஜெயிச்சேன்னு அவிய நெனைக்கணும்."

இப்போது நிலைமையைப் பாருங்கள். பழைய பேரிங் குளத்தில். புது பேரிங் காற்றாய்ச் சுற்றுகிறது. வேறு சைக்கிளில் போனால் அண்ணன் முகம் விழுந்துவிடும். நான் போய்க் கோனை முடுக்கலாம் என்றால், அவர் இந்த உலகத்தையே கூப்பிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டாமல் விட மாட்டார். அடுத்த தட்டில் சக்கரம் நின்றால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும்.

யோசித்தேன். சக்கரம் அந்தரத்தில் நன்றாகச் சுற்ற வேண்டும், தரையில் ஓடக் கூடாது. டயரில் காற்றைக் குறைத்தால் என்ன என்று அவளிடம் கேட்டேன். தூக்கிச் சுற்றினால் தெரியாது, தரையில் இறங்கினால் இழுக்கும். லில்லிக்கு முகம் மலர்ந்தது. நாங்கள் முற்றத்துக்கு வந்தபோது அண்ணன் குளிக்கப் போயிருந்தார், அந்த நேரம் பார்த்து அவள் பின்சக்கரத்தில் காற்றைப் பாதி இறக்கிவிட்டாள்.

அண்ணன் குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். "காத்து கொறஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கால் பம்பை எடுத்து வந்தார். டயர் கல் மாதிரி ஆகும் வரைக்கும் மிதி மிதியென்று மிதித்தார். லில்லி என்னைப் பார்த்தாள். நான் வாழை மரத்தைப் பார்த்தேன்.

வேலை முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. மூவருமாக மைதானத்துக்குப் போனோம். சைக்கிளை அண்ணன்தான் உருட்டி வந்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. அங்கே பேபி நின்றுகொண்டிருந்தாள். அண்ணனின் தங்கை, வருஷா வருஷம் லில்லியிடம் தோற்று இரண்டாவதாக வருபவள். அவள் சைக்கிள் கடலோரத்து உப்புக் காற்றில் துருவேறி, உருட்டினாலே அழும்.

"என்ன மைனி, இந்த வருசம் வண்டி சத்தமில்லாம வருது? அண்ணன் எண்ண போட்டுத் தந்துட்டானா?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளும் பேரிங் வளர்ப்பவள்தானே.

மைக்கில் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். லில்லி வேர்த்த உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கோ பதறிக்கொண்டு வந்தது, வெப்ராளம் தாங்க முடியவில்லை. அந்தச் சைக்கிளில் யார் கை வைத்தாலும் அண்ணன் விட மாட்டார். அப்போதுதான் உறைத்தது. அவர் கையை மட்டும் யார் தடுப்பார்கள்?

இடுப்பிலிருந்து கோன் ஸ்பேனரை எடுத்தேன்.

"அண்ணே, கடைசியா ஒரு செக்கிங் உண்டு. சக்கரம் பக்கவாட்டுல ஆடக் கூடாது. எனக்கு இப்ப கண்ணு பத்தல்ல, நீங்களே பாத்திருங்க."

முன்சக்கரத்து நட்டை நான் தளர்த்திக் கொடுத்தேன். நட்டுத் தளர்ந்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இருக்க வேண்டிய ஆட்டம். நட்டு இறுகும்போது தானே அடங்கிவிடும். இதை அவரிடம் சொல்லவில்லை. சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை, ஆடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

அண்ணன் ஸ்பேனரை வாங்கினார். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினார். "இருக்கு" என்றார். ஒரு திருகு. மறுபடி ஆட்டினார். "இன்னும் இருக்கு." இன்னொரு திருகு. நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாகவும் முடுக்கினார். நட்டையும் போட்டு இறுக்கினார். பிறகு நான் கேட்காமலே பின்சக்கரத்துக்குப் போனார். இத்தனை வருஷம் நான் யாரைப் பார்த்துப் பயந்து ஸ்பேனரை ஒளித்து வைத்தேனோ, அந்தக் கை இன்று எனக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குள் சந்தோஷம் பொங்கியது.

அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இரண்டு சக்கரமும் முடிந்ததும் அண்ணன் எழுந்து, ஹேண்டிலின் கழுத்தில் கையை வைத்தார்.

"இதையும் ஒரு கை பாத்திருவமா அக்கா?"

எனக்கு உயிரே போய்விட்டது. மெதுவாக ஓட்டுபவளுக்குச் சக்கரம் செத்துக் கிடக்கலாம், கழுத்துச் சாகக் கூடாது. ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு திரும்பினால்தான் விழாமல் நிற்க முடியும். அதை முடுக்கினால் லில்லி முதல் முழத்திலேயே தரையில் கிடப்பாள். அவர் கையிலிருந்து ஸ்பேனரைக் கிட்டத்தட்டப் பிடுங்கினேன். "அது எனக்க வேல அண்ணே! கம்பெனி சீக்ரெட்டு!" என்றேன். எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி சரி" என்று கையை எடுத்துக்கொண்டார்.

கோட்டில் சைக்கிள்கள் நின்றன. நடுவராக இருந்த பி.டி. வாத்தியார் ஒவ்வொரு சைக்கிளின் டயரையும் குனிந்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். காற்றை இறக்கி வந்திருந்த ஒரு பெண்ணை, "ஏட்டி, இது மெதுவா ஓட்டுற போட்டி, பஞ்சர் கடையில்ல. வெளிய போ" என்று அனுப்பிவிட்டார். அண்ணன் மட்டும் அந்தப் பம்பை மிதிக்காமல் இருந்திருந்தால்!

விசில் ஊதினார்கள். கொஞ்ச தூரத்திலேயே பாதிப் பேர் கால் ஊன்றினார்கள். இரண்டு பேர் பதற்றத்தில் நேராக ஓட்டிக்கொண்டு போய் முதலாவதாக வந்தார்கள், அதாவது தோற்றார்கள். கடைசியில் லில்லியும் பேபியும் மட்டும். லில்லி மிதியை அழுத்தினாள். சைக்கிள் ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. அவள் கண் அகன்றது. மறுபடி அழுத்தினாள். ஒரு சாண். இறுகிய கோன் பழைய பேரிங்கைவிட நன்றாகப் பிடித்தது, சத்தமும் இல்லை. புதுக் கழுத்தோ வெண்ணெயாய்த் திரும்பியது. அவள் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, தொட்டிலில் பிள்ளை கிடப்பது போல அந்தச் சைக்கிள் மேல் இருந்தாள். பேபியின் துருப்பிடித்த ஹேண்டில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. "அய்யோ அண்ணே!" என்று கத்திக்கொண்டு அவள் ஓரத்துக் கோட்டைத் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகும் லில்லி அவசரப்படவில்லை. மைதானம் முழுக்க விசிலடிக்க, ஊர்வலம் மாதிரி பைய வந்து சேர்ந்தாள்.

சிகாமணி அண்ணன் துள்ளிய துள்ளலைப் பார்த்திருக்க வேண்டும். எல்லோரிடமும் "பேரிங்கு! பேரிங்கு!" என்றார். லில்லி அவரிடம் குடத்தைக் கொடுத்து, "நீங்க செஞ்சதாலதான்" என்றாள். பச்சைக் குடம். அதை அவர் இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்.

நான் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அண்ணன் பின்னாலேயே தூக்குவாளியில் பொங்கலோடு ஓடி வந்தார்.

"காத்த இறக்குனது தப்பு அக்கா" என்றார் மெல்ல.

எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"வாத்தியாரு டயர அமுக்கிப் பாப்பாரு, உங்களுக்குத் தெரியாது. அவ பதட்டத்துல மறந்துட்டா. எனக்குத் தெரியும். ஊருல இருந்து அனுப்புன எல்லா வருசத்து வீடியோவும் எனக்க போன்ல கெடக்கு. டூட்டி முடிஞ்சு வந்தா அதத்தான் போட்டுப் போட்டுப் பாப்பேன். அதான் ஓடிப் போய் காத்தடிச்சேன்."

"அப்ப, கிணத்தடியில நாங்க பேசினது..."

"குளிமுறி பக்கத்துலதான இருக்கு. உங்க பின்னாலயே நான் குளிக்க வந்துட்டேன்." அவர் சிரித்தார். "ஸ்டோர்ல எத்தன வருசம் இருந்தவன் அக்கா நான்? ஆட்டத்துக்கும் இறுக்கத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நீங்க எப்பம் ஸ்பேனரத் தருவியன்னுதான் காத்துட்டு நின்னேன்."

"அந்தக் கழுத்தத் தொட்டது?"

"அது சும்மா. உங்க மொகம் போற போக்கப் பாக்கணும்னு."

அடி வாங்காமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம். இரண்டு கையிலும் எனக்குச் சாமான் இருந்தது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தூக்குவாளி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசினார்.

"எனக்கு வருத்தமாவும்னு அவ கெடந்து துடிச்சாளே அக்கா. இந்த வீட்டுக்கு நான் எதுக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன். அங்க நின்னு அதக் கேட்டப்பம், சோப்ப மொகத்துல வச்சிட்டு அழுதுட்டேன். விசாக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன், இப்பம்தான் கூப்பிட்டேன். அவள ஜெயிக்க வச்சது எனக்க கைதான, அது எனக்குப் போதும். ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாண்டாம். என்ன மறைச்சி வச்சிருக்கோம்னு அவ ஒரு சந்தோசத்துல இருக்கா. அதக் கெடுக்காதீங்க."

பஸ்ஸில் அந்தப் பொங்கலை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பேரிங் மாற்றும் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சைக்கிள் எதற்கு ஓடுகிறது என்பதை. யார் கூப்பிட்டார் என்பதைவிட யார் ஓட்டுகிறார் என்பது பெரிய விஷயம். இது நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள. மற்றது எழுத வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு முன்னால் லில்லியிடமிருந்து ஒரு போன் வரும். "அக்கா, அவிய கடைக்குப் போன நேரம் வந்து ரெண்டு சக்கரத்தையும் கொஞ்சம் முடுக்கித் தாங்க. அவியளுக்குத் தெரியாண்டாம்." நான் போவேன். பொங்கல் முடிந்ததும் சிகாமணி அண்ணனிடமிருந்து ஒரு போன் வரும். "அக்கா, அவ அங்கன்வாடிக்கு மிதிச்சிக் கஷ்டப்படாண்டாம், லீவு நாளு வந்து தளத்தி விடுங்க. அவளுக்குத் தெரியாண்டாம்." அதற்கும் போவேன். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

இந்தப் பொங்கலிலிருந்து அந்த இரண்டு போனும் உங்களுக்கு வரும். வீட்டை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம், கிணற்றடியில் குடம் வரிசையாக இருக்கும். அவள் கூப்பிட்டால் முடுக்குங்கள். அவர் கூப்பிட்டால் தளர்த்துங்கள். ஹேண்டிலின் கழுத்தை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். இரண்டு பேரும் காப்பி தருவார்கள். குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்துவிடுங்கள்.